சரக்குப் போக்குவரத்தும் சூடேறும் உலகமும்

ஓரிடத்தில் விளைவது மற்றோரிடத்திற்குத் தேவைப்படுகிறது. அத்தேவை தோன்றிய நாளிலேயே வாணிகமும் தோன்றிற்று. வாணிகம் தோன்றவே சுமை தூக்கும் தொழிலும் உடன் தோன்றிற்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் அவற்றுள் ஒன்றாகக் கூறுகிறது. காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடாரம் இன்றைய கெடா மாநிலமாகும். அந்நாளைய மரக்கலங்கள் பருவக்காற்றை நம்பி ஓடின. காற்றுத் திசை மாறும் வரையில் வணிகர் துறைகளில் தங்கியிருந்தனர். அவ்வாணிகத்தில் காலம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆனால் புகை எழவில்லை.

இன்று நிலைமை வேறு. மாலையில் கைப்பேசி வழியே கேட்ட பொருள் மறுநாட் காலையில் வாசலுக்கு வருகிறது. இருபதடிக் கொள்கலன் அளவில் கணக்கிட்டால், 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறைமுகம் 4 கோடியே 11 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. கிள்ளான் துறைமுகம் 1 கோடியே 46 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. இவ்வளவு பெரிய இயக்கமும் பெரும்பாலும் எண்ணெயை எரித்தே நடைபெறுகிறது. எண்ணெய் எரிந்தால் கரியமில வாயு எழும். அவ்வாயு வானில் தங்கி உலகின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கும். உலகம் சூடேறுவதற்கு இதுவே தலையாய காரணம்.

அவ்வாறாயின் வாணிகத்தைக் குறைக்க வேண்டுமா? அரிசியும் மருந்தும் துணியும் புத்தகமும் கடல் கடந்து வராமல் இந்நாடுகளின் வாழ்க்கை நடவாது. ஆதலின் அக்கேள்வியால் பயனில்லை. சரக்கு போவதால் எழும் புகை எவ்வளவு, போகும் முறையின் குறையால் எழும் புகை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே பயனுடையது. அவ்வாறு பார்க்கும்போது இரண்டு குறைகள் முன்னிற்கின்றன. ஒன்று வேண்டாத விரைவு. மற்றொன்று வெற்றிடம், அஃதாவது சுமையின்றி ஓடுதல். இவ்விரண்டையும் விளங்கிக்கொண்டால் இத்துறையில் செய்யத்தக்கவை எவை என்பது தானே விளங்கும்.

எரிபொருளின் கணக்கு

ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 840 கிராம். அது எரிந்தால் எழும் கரியமில வாயுவின் எடை ஏறக்குறைய 2,640 கிராம். எரிந்த பொருளைவிட எழுந்த வாயு மும்மடங்கு எடையுள்ளதாயிருப்பது எங்ஙனம் என்று மாணவர் கேட்கக்கூடும். டீசலின் எடையில் 86 விழுக்காடு, அஃதாவது சுமார் 720 கிராம், கரி. எரியும்போது கரியின் ஒவ்வோர் அணுவும் காற்றிலுள்ள பிராணவாயுவின் இரண்டு அணுக்களோடு சேர்கிறது. கரியணுவின் நிறை 12, பிராணவாயு அணு இரண்டின் நிறை 32, கூட்டினால் 44. எனவே 12 கிராம் கரி 44 கிராம் வாயுவாகிறது. 720 கிராம் கரி 2,640 கிராம் வாயுவாகிறது. மிகுந்த எடை காற்றிலிருந்து வந்தது. கப்பல் எரிக்கும் கனத்த எண்ணெய்க்கும் இக்கணக்கே பொருந்தும். அதன் ஒரு டன்னுக்கு 3.1 டன் வாயு எழுகிறது.

இனி, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டு செல்வதற்கு எழும் வாயுவை ஓர் அளவுகோலாகக் கொள்வோம். பெரிய கொள்கலன் கப்பலில் அது ஏறக்குறைய 10 கிராம். இரயிலில் 20 முதல் 30 கிராம். முழுச் சுமையுடைய பெரிய லோரியில் 60 முதல் 100 கிராம். வானூர்தியிலோ 500 கிராமுக்கு மேல். ஊர்தியின் வயதும் அளவும் சுமையும் மாறினால் இவ்வெண்களும் மாறும்; ஆயினும் வரிசை மாறாது. கடல் வழியே வரக்கூடிய பொருளை வான் வழியே வரவழைப்பவர், அப்பொருளின் புகைக் கணக்கைப் பல பத்து மடங்கு பெருக்குகிறார்.

கப்பல் இவ்வளவு சிக்கனமான ஊர்தியாயிற்றே, அதைப் பற்றிக் கவலை எதற்கு எனலாம். உலக வாணிகச் சரக்கில் 80 விழுக்காட்டிற்கு மேல் கடல் வழியே செல்கிறது. சிறு அளவு பெருந்தொகையால் பெருகும்போது பேரளவாகிறது. அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018ஆம் ஆண்டில் உலகக் கப்பல் போக்குவரத்து வெளியிட்ட வெப்ப வாயுக்கள் 107 கோடியே 60 இலட்சம் டன். மனித முயற்சியால் எழும் மொத்தத்தில் அது 2.89 விழுக்காடு.

விரைவின் விலை

இடுப்பளவு நீரில் நடந்தவர்க்கு ஓர் உண்மை தெரியும். மெல்ல நடந்தால் நீர் வழிவிடும். விரைந்து நடக்க முயன்றால் சுவர்போல் தடுக்கும். நீரின் தடை விரைவோடு ஒத்த அளவில் வளர்வதில்லை. விரைவு இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அத்தடையை வென்று இரு மடங்கு விரைவில் செல்ல வேண்டியிருப்பதால், இயந்திரத்திற்கு வேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகும். ஆற்றல் விரைவின் மும்மடிக்கு ஏற்ப வளரும் என்பது கப்பற் பொறியாளர் கைக்கொள்ளும் பொது விதி.

இவ்விதியின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். மணிக்கு 20 கடல் மைல் ஓடும் கப்பல் 18 கடல் மைலாக விரைவைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவு பத்தில் ஒரு பங்கே. ஆனால் வேண்டிய ஆற்றல் 100இலிருந்து 73 ஆகக் குறைகிறது. பயணம் சற்று நீள்வதால், முழுப் பயணத்திற்குமான எரிபொருள் 100க்கு 81 ஆகிறது. எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.

மெதுவாகச் சென்றால் அதே சரக்கை ஏற்றிச் செல்ல அதிகக் கப்பல்கள் வேண்டுமன்றோ? வேண்டும். 9 கப்பல்கள் செய்த வேலைக்கு 10 கப்பல்கள் வேண்டும். ஆனால் 10 கப்பல்களும் சேர்ந்து எரிக்கும் எண்ணெய், முன்பு 9 கப்பல்கள் எரித்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். மேற்கூறிய கணக்கில் அந்தப் பத்தாவது கப்பலும் அடங்கியிருக்கிறது.

இது ஏட்டளவில் நின்ற கணக்கன்று. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்போது சரக்கு குறைந்தது, கப்பல்கள் மிகுந்தன, எண்ணெய் விலையும் அதற்குச் சற்று முன்னர்தான் உச்சத்தைத் தொட்டிருந்தது. அப்போது பெருங்கப்பல் நிறுவனங்கள், மணிக்கு 24, 25 கடல் மைல் ஓடிய கொள்கலன் கப்பல்களை 20 மைலுக்கும் அதற்குக் குறைவாகவும் ஓடச் செய்தன. பணத்தை மிச்சப்படுத்தவே அவ்வாறு செய்தன. வானைக் காக்கும் எண்ணத்தால் அன்று. ஆயினும் இரண்டும் ஒருங்கே நடந்தன. இதில் ஒரு படிப்பினையும் உண்டு. பணத்திற்காகக் குறைத்த விரைவு பணத்திற்காகவே மீண்டும் கூடும். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கின. அதன்பின் பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஓடின. வழி நீண்டதோடு, இழந்த நாள்களை ஈடுகட்ட அவற்றுள் பல விரைவையும் கூட்டின. புகை இரு வழியிலும் பெருகிற்று. நல்வழக்கம் நிலைக்க வேண்டுமானால் அதற்கு விதியின் துணை வேண்டும்.

ஓடிச் சென்று காத்திருத்தல்

விரைவுக்கேனும் பயன் கிடைத்தால் ஓரளவு பொறுக்கலாம். கடல் வாணிகத்தில் பயனற்ற விரைவும் உண்டு. கப்பலை வாடகைக்கு அமர்த்தும் ஒப்பந்தங்களில், கப்பல் இயன்ற விரைவோடு செல்ல வேண்டும் என்பது நெடுநாளைய வாசகம். பல துறைமுகங்களில் முதலில் வந்த கப்பலுக்கே முதலிடம். சரக்கு இறக்கக் குறித்த காலம் கடந்தால், கப்பற்காரருக்குத் தாமதக் கட்டணமும் கிடைக்கிறது. ஆகவே துறையில் இடமில்லை என்று தெரிந்தும் மாலுமி விரைந்தே வருகிறார். வந்தபின் நங்கூரமிட்டுக் காத்திருக்கிறார். சிங்கப்பூரின் கீழைக் கடற்கரையில் நிற்பவர், நங்கூரமிட்ட கப்பல்களின் நீண்ட வரிசையை எந்நாளும் காணலாம். எண்ணெய் நிரப்பவும் பழுது பார்க்கவும் நிற்பவையும் அவற்றில் உண்டு. இடத்திற்காகவே நிற்பவையும் உண்டு. செங்கடல் இடரால் கால அட்டவணைகள் குலைந்த 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அவ்வாறு காத்திருந்த கப்பல்கள் மிகப் பல.

இதற்கு மாற்று எளியது. துறையில் இடம் எப்போது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கப்பலுக்குத் தெரிவித்துவிட்டால், அதற்கேற்ப அது மெல்ல வரும். பத்து நாள் ஓடி ஒரு நாள் காத்திருக்கும் கப்பல், அதே பயணத்தைப் பதினொரு நாளில் நிதானமாக முடித்தால், ஓட்டத்திற்கான எரிபொருளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மிஞ்சும். சரக்கோ ஒரு மணி நேரமும் பிந்தாது. சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் 2023இல் இத்தகைய ஏற்பாடொன்றைத் தொடங்கிற்று. புதிய இயந்திரம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. செய்தி வேண்டும்; செய்தியை நம்பும் ஒப்பந்தமும் வேண்டும்.

எல்லா விரைவும் தீதன்று. செம்பனைக் குலைகளை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலைக்கு அனுப்பாவிடில் எண்ணெயில் அமிலம் மிகும், தரம் கெடும். மீனும் மருந்தும் அத்தகையனவே. ஒரு செயலைக் காலம் தாழ்த்திச் செய்யலாமா, தாழ்த்தாது செய்ய வேண்டுமா என்று பிரித்தறிந்து செய்யும்படி, வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்தினார். மருந்துக்கு வேண்டிய விரைவை மேசை விளக்குக்கும் காலணிக்கும் கொடுப்பதே இன்றைய வாணிகத்தின் பிழை.

வெறுமையின் விலை

இனி இரண்டாவது குறைக்கு வருவோம். ஜொகூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கேற்றிச் சென்ற லோரி, திரும்பும்போது ஏற்றுவதற்கு ஒன்றுமில்லாவிடில் வெறுமனே திரும்புகிறது. சுமையில்லாத லோரி எண்ணெய் குடிக்காது என்று நினைப்பது தவறு. லோரியின் எடையே பல டன். முழுச் சுமையோடு எரிக்கும் டீசலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அது வெறுமனே ஓடும்போதும் எரிக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சரக்கு லோரிகள் ஓடும் தூரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வெற்றோட்டம் என்று அங்குள்ள புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. திட்டமும் சாலையும் சிறந்த நாடுகளிலேயே நிலைமை இது.

கடலிலும் இக்குறை உண்டு. கிழக்காசியாவிலிருந்து மேலை நாடுகளுக்குச் செல்லும் சரக்கு மிகுதி. அங்கிருந்து வருவது குறைவு. ஆகவே கொள்கலன்கள் பெருந்தொகையாக வெறும் பெட்டிகளாகவே கப்பலேறித் திரும்புகின்றன.

வெற்றோட்டத்தைக் குறைக்கும் வழிக்குத் தோட்டப்புறத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரிகள், பழம் உதிர்த்த வெற்றுக் குலைகளைத் திரும்பும்போது ஏற்றி வருவது பல தோட்டங்களில் உள்ள வழக்கம். அக்குலைகள் மரத்தடியில் பரப்பப்பட்டு மண்ணின் ஈரத்தைக் காக்கின்றன, நாளடைவில் உரமாகின்றன. போகும் வழிக்கும் சுமை. வரும் வழிக்கும் சுமை. நகரத்து வணிகர்களும் இவ்வாறே செய்யலாம். ஒருவருடைய லோரி திரும்பும் வழியில் மற்றொருவருடைய சரக்கு காத்திருக்கலாம். ஆனால் போட்டி வணிகர் தம் சரக்கின் அளவையும் போகுமிடத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லத் தயங்குவர். ஆதலால் இருவருக்கும் பொதுவான ஓர் இடைத்தரகு அமைப்பு இதற்கு வேண்டும்.

பொட்டலத்திற்குள் இருக்கும் வெறுமையும் கருதத்தக்கது. மயிலிறகு ஏற்றிய வண்டியை வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உவமையாகக் கூறினார். மிகுதியாக ஏற்றினால் இலேசான பொருளும் அச்சை முறிக்கும் என்பது அதன் கருத்து. இக்காலத்துப் பொட்டல வேனில் அச்சு முறிவதற்கு முன்னரே இடம் தீர்ந்துவிடுகிறது. சிறிய பொருளைப் பெரிய பெட்டியில் வைத்து, எஞ்சிய இடத்தைக் காற்றுப் பைகளால் நிரப்பி அனுப்பினால், அந்த வேன் சுமப்பது பெரும்பாலும் காற்றையே. பெட்டி பொருளுக்கேற்ற அளவாயிருந்தால், இரண்டு வேன்களின் வேலையை ஒன்றே செய்யும்.

வாசல் வரையிலான வழி

கடல் கடந்து வரும் பொருளின் நெடும்பயணத்தில் மிகச் சிறியது கடைசிப் பகுதி. கிடங்கிலிருந்து வீட்டு வாசல் வரை சில கிலோமீட்டர்களே. ஆனால் புகைக் கணக்கில் அது சிறியதன்று. மூன்று கிலோகிராம் எடையுள்ள ஒரு பொருள், சீனத்தின் தென்கரையிலிருந்து கிள்ளானுக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கடல்வழி வருகிறது என்று கொள்வோம். முன்சொன்ன அளவின்படி எழும் வாயு 90 கிராம். அப்பொருள் 100 பொட்டலங்களோடு ஒரு வேனில் ஏறுகிறது. அந்த வேன் வீடுவீடாகச் சுற்றி 10 லிட்டர் டீசலை எரிக்கிறது என்று கொண்டால், எழும் வாயு 26 கிலோகிராம். ஒரு பொட்டலத்திற்கு 260 கிராம். கடலைக் கடக்க எழுந்த புகையைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு, தெருவைக் கடக்க எழுகிறது. வேன் 50 பொட்டலங்களோடு அதே வழியில் சுற்றினால் அது 520 கிராமாகும்.

முழு வேன் அனுப்பாமல் அரை வேன் ஏன் அனுப்புகிறார்கள்? 'இன்று கேட்டால் நாளை தருவோம்' என்று வாக்களித்துவிட்டதனால்தான். வேன் நிறையும் வரை காத்திருக்க அவ்வாக்கு இடம் கொடுப்பதில்லை. நிறையாமலே வேன் புறப்படுகிறது. பின்னர் அதே தெருவிற்கு மற்றொரு வேன் வருகிறது. மேலே வேறுவேறாகக் கூறிய இரு குறைகளும் இங்கே ஒன்றாகின்றன. விரைவுதான் வெறுமையைப் பெறுகிறது. வாங்குபவர் இரண்டு நாள் பொறுத்தால், அதே தெருவிற்குரிய பொட்டலங்கள் ஒன்று சேரும். வேன் ஒரு முறை வந்தால் போதும்.

வீட்டில் ஆளில்லாமல் திரும்பும் பொட்டலத்திற்கும் இரண்டாம் பயணம் வேண்டும். காலணியை மூன்று அளவுகளில் வரவழைத்து இரண்டைத் திருப்பியனுப்பும் பழக்கத்தாலும் பயணங்கள் பெருகுகின்றன. இவற்றைக் குறைக்கச் சிங்கப்பூரில் 2021இல் 'பிக்' என்னும் பொதுப் பெட்டகங்களின் தொடர் நிறுவப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அருகிலும் சமூக மன்றங்களிலும் ஏறக்குறைய 1,000 பெட்டகங்கள் அமைந்தன. வேன் ஓரிடத்தில் நின்று பல வீடுகளின் பொட்டலங்களை வைத்துச் செல்கிறது. வீட்டார் நடந்து வந்து எடுத்துக்கொள்கின்றனர். அவர் நடந்து வருதல் இன்றியமையாதது. பெட்டகத்திற்குக் காரில் வந்தால் மிச்சமெல்லாம் போய்விடும்.

வழியைத் திட்டமிடுவதிலும் பெரும் மிச்சம் உண்டு. அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிர்வரும் வாகனங்கள் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் இயந்திரம் வீணே ஓடும். யு.பி.எஸ். என்னும் பொட்டல நிறுவனம், இடப்பக்கத் திருப்பங்களை இயன்றவரை தவிர்க்கும்படி தன் வழிகளை அமைத்தது. பின்னர் 'ஓரியன்' என்னும் கணினி முறையைக் கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் வழி வகுத்தது. அதனால் ஆண்டுக்கு 10 கோடி மைல் ஓட்டமும் 1 கோடி காலன் எரிபொருளும் குறைவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இடப்புறம் ஓட்டும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தவிர்க்கத்தக்கது வலப்பக்கத் திருப்பம்.

இருப்புப் பாதையின் பயன்

தார்ச்சாலையில் உருளும் ரப்பர்ச் சக்கரம், சுமையால் அமுங்கி அமுங்கி நிமிர்கிறது. ஒவ்வோர் அமுங்கலிலும் சிறிது ஆற்றல் சூடாக வீணாகிறது. எஃகுத் தண்டவாளத்தில் உருளும் எஃகுச் சக்கரம் அவ்வாறு அமுங்குவதில்லை. அதன் தடை பன்மடங்கு குறைவு. இரயில் சிக்கனமாயிருப்பதற்கு இதுவே முதற்காரணம். ஒரே இழுவைப் பொறி பல லோரிகளின் சுமையை ஒருங்கே இழுப்பது மற்றொரு காரணம்.

இந்நாட்டின் இருப்புப் பாதைகள் சரக்குக்காகவே பிறந்தவை. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்கு இட்ட முதற்பாதை, லாருட் சுரங்கங்களின் ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சென்றது. மறு ஆண்டில் கோலாலம்பூரும் கிள்ளானும் பாதையால் இணைந்தன. இப்பாதைகளை அமைத்தும் பேணியும் வந்த கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. பின்னாளில் நெடுஞ்சாலைகள் பெருகவே, சரக்கு லோரிக்கு மாறிற்று.

இரயில் எல்லாவற்றிற்கும் ஏற்றதன்று. அது கடை வாசல் வரை வராது. இரு முனையிலும் லோரியிலிருந்து மாற்றி ஏற்ற வேண்டும். அதற்குச் செலவும் நேரமும் ஆகும். ஆகவே குறுந்தூரத்திற்கு லோரியே தக்கது. நெடுந்தூரம் செல்லும் கனத்த சரக்குக்கு இரயில் தக்கது. தென்தாய்லாந்துச் சரக்கு பாடாங் பெசார் வழியாக இரயிலேறிப் பினாங்குத் துறைமுகத்தை அடையும் வழக்கம் இதற்குச் சான்று.

புதிய எரிபொருள்கள்

எண்ணெயே இல்லாமல் சரக்கை ஏற்றிச் செல்ல இயலாதா என்னும் ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. நகருக்குள் ஓடும் வேனுக்கு மின்சாரம் மிகவும் ஏற்றது. டீசல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் சூடாக வீணாக்குகிறது. மின்பொறி பெரும்பகுதியை ஓட்டமாக மாற்றுகிறது. நின்று நின்று செல்லும் தெருவோட்டத்தில் இவ்வேறுபாடு இன்னும் மிகுதி. ஆயினும் மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் இயற்கை வாயுவையும் எரித்தே கிடைக்கிறது. மின்நிலையம் தூய்மையாகும் அளவிற்கே வேனும் தூய்மையாகும்.

கடலில் மின்கலம் போதாது. அங்கே பச்சை மெத்தனால் என்னும் எரிசாராயம் முயலப்படுகிறது. அழுகும் கழிவுகளிலிருந்தும் பிற வழிகளிலும் இதனைச் செய்யலாம். எரியும்போது வெளிவரும் கரி, முன்பே காற்றிலிருந்து செடிகொடிகள் எடுத்த கரியாதலால் புதிய சுமையாவதில்லை. மெத்தனாலால் ஓடும் முதற்கொள்கலன் கப்பல் 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து டென்மார்க்கிற்குச் செல்லும் வழியில், சிங்கப்பூரில் இவ்வெரிபொருளை நிரப்பிச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிக்சிஸ் ஓஷன்' என்னும் கப்பல், 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு விறைப்பான பாய்களை ஏந்திச் சீனத்திலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்டது. ஆறு மாதச் சோதனையில் நாளொன்றுக்குச் சராசரி 3 டன் எரிபொருள் மிஞ்சியதாக அறிவிக்கப்பட்டது. கடாரத்திற்கு வந்த கலங்களை ஓட்டிய காற்று, புதிய உருவில் மீண்டும் வேலைக்கு வந்திருக்கிறது.

இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆனால் பச்சை மெத்தனால் விலையுயர்ந்தது, கிடைப்பதும் அரிது. ஒரே எடைக்கு அதிலுள்ள ஆற்றல் கனத்த எண்ணெயில் பாதியே. ஓட்டைப் பானையில் விலையுயர்ந்த நெய்யை ஊற்றுவது அறிவுடைமையன்று. விரைவையும் வெறுமையையும் குறைத்து ஓட்டையை அடைத்தபின் புதிய எரிபொருளை ஊற்றினால், உள்ள சிறிதும் பெரிதும் பயன்படும்.

யார் கணக்கில் எழுதுவது?

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறையில் கப்பல்களுக்கு விற்ற எரிபொருள் 5 கோடியே 49 இலட்சம் டன். உலகில் வேறெந்தத் துறைமுகமும் இவ்வளவு விற்கவில்லை. அவ்வளவும் எரிந்தால் எழுவது ஏறக்குறைய 17 கோடி டன் கரியமில வாயு. இது யாருடைய கணக்கு? விற்றது சிங்கப்பூர். கப்பலின் கொடி வேறொரு நாட்டுடையது. உரிமையாளர் மற்றொரு நாட்டினர். சரக்கோ இன்னும் பல நாடுகளுக்குரியது. எரிந்தது நடுக்கடலில். எனவே ஒவ்வொரு நாடும் ஐக்கிய நாட்டு நிறுவனத்திற்குக் கணக்குக் கொடுக்கும்போது, இதனைத் தனிக் குறிப்பாக எழுதுகிறதேயன்றித் தன் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கையும் இப்பொறுப்பை அனைத்துலகக் கடல்துறை அமைப்பிடமே விட்டது.

அவ்வமைப்பு 2023 ஜூலையில் ஒரு குறிக்கோளை வகுத்தது. 2008ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் 20 விழுக்காடேனும், 2040க்குள் 70 விழுக்காடேனும் குறைப்பது. 2050ஐ ஒட்டி நிகரப் புகையை இல்லாமற் செய்வது. இதனை நிறைவேற்ற, அளவுக்கு மேல் வாயு வெளியிடும் கப்பல்களிடம் விலை பெறும் திட்டம் ஒன்று 2025 ஏப்ரலில் முதல் இசைவு பெற்றது. ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் நாடுகள் ஒன்றுபடாமையால் முடிவு ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 முதல் தன் துறைகளுக்கு வரும் பெருங்கப்பல்களின் புகைக்கு விலை வைத்துவிட்டது. யாருக்கும் உரிமையில்லாத கடன் அடைபடுவதில்லை. இவ்விவாதத்தின் சாரம் அதுவே.

கடன் அடைபடாவிட்டால் வட்டியைக் கட்டுபவர் யார்? காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏந்தும் நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு மிகும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலமும் கிள்ளானும் மூழ்கிய வெள்ளத்தை அங்குள்ள குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. அவ்வெள்ளத்திற்கு உலகச் சூடு ஒன்றே காரணம் என்று கூறுவது பொருந்தாது. சதுப்பில் எழுந்த வீடுகளும் வடிகாற் குறைகளும் உடன் நின்றன. ஆனால் அத்தகைய மழை அடிக்கடி வருவதற்குச் சூடேறும் உலகம் வழி செய்கிறது என்பதில் ஐயமில்லை. தாழ்ந்த கரையில் அமைந்த துறைமுகங்களும் அவற்றைச் சூழ்ந்து வாழும் தொழிலாளர் குடும்பங்களுமே அதனை முதலில் ஏற்க வேண்டியவர்.

செய்யத்தக்கவை

அரசு செய்யத்தக்கவை சில: துறையில் இடம் கிடைக்கும் நேரத்தைக் கப்பலுக்கு முன்னறிவித்தல், நெடுந்தூரச் சரக்கை இரயிலுக்குத் திருப்புதல், பொதுப் பெட்டகங்களை ஊர்தோறும் அமைத்தல். வணிகர் செய்யத்தக்கவை சில: திரும்பும் லோரிக்குச் சுமை தேடுதல், பெட்டியைப் பொருளுக்கேற்ப வெட்டுதல், ஒப்பந்தத்தில் வீண் விரைவைக் கேளாதிருத்தல். வாங்குவோர் செய்யத்தக்கது ஒன்றே: அவசரமில்லாத பொருளுக்கு அவசரப்படாதிருத்தல். விரைவுக்கான கட்டணம் 'இலவசம்' என்று எழுதியிருக்கலாம். எண்ணெய் இலவசமாக எரிவதில்லை.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. ஒரு லிட்டர் டீசல் 2.6 கிலோகிராம் வாயுவாகும் கணக்கு அறிவியல் பாடத்திற்கு ஏற்றது. 9 கப்பலின் வேலையைக் குறைந்த எண்ணெயில் 10 கப்பல் செய்யும் கணக்கு எண் கணிதத்திற்கு ஏற்றது. காழகத்துப் பொருள் வந்த கடல்வழி தமிழ்ப் பாடத்தில் முன்பே இருக்கிறது. இம்மூன்றையும் ஆசிரியர் இணைத்துக் காட்டினால், வாசலில் வந்து நிற்கும் பொட்டலத்தின் பின்னால் எவ்வளவு கடலும் எவ்வளவு எண்ணெயும் இருக்கின்றன என்பது மாணவர்க்கு விளங்கும். நாளைய வணிகரும் மாலுமியரும் வாங்குவோரும் அவர்களே. எதற்கு விரைய வேண்டும், எதற்குப் பொறுக்க வேண்டும் என்னும் தெளிவு அவர்களிடம் ஏற்பட்டால், சட்டம் செய்யத் தயங்கும் வேலையில் ஒரு பகுதியை அத்தெளிவே செய்து முடிக்கும்.